விதிமீறல் ஏதுமில்லை

பன்னீர்செல்வத்துக்குப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. 'நேர்மையாளன்' என்ற கள்ளப் பெயரில் போட்ட கமெண்டை இனி அவனாலேயே அழிக்க முடியாது.

ஷார்ஜா தொழில்பேட்டையில் அவன் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். அதே ரூமில் தங்கியிருக்கும் கார்மேகம் வெல்டர். லீவு நாட்களில் கார்மேகம் சமைப்பான்; பன்னீர் அதைப் போனில் வீடியோ எடுத்து நெட்டில் ஏற்றுவான். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும். ஆனால் பார்க்கிற ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தெரிவதென்னவோ கார்மேகத்தின் மீசைதான். ஊரிலிருந்து மனைவி வடிவுகூட ஒருநாள் போனில் உருகினாள்.

"கார்மேகம் அண்ணன் மாதிரியே நண்டுக் குழம்பு வச்சேங்க. என்ன கைப்பக்குவம் அவருக்கு!"

"அந்த வீடியோவை எடுத்தது யாரு தெரியுமா?"

"போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதானே? அதுல என்ன இருக்கு?"

அன்றைக்குத்தான் நேர்மையாளன் பிறந்தான். 'இவன் சமைப்பதே இல்லை. மெஸ்ஸில் வாங்கிச் சட்டியில் ஊற்றி எல்லாரையும் ஏமாற்றுகிறான்' என்று எழுதினான். எழுதி முடித்ததும் வயிறு குளிர்ந்தது.

மறுநாள் கார்மேகம் சாப்பிடவில்லை.

"இந்த நாட்டுல நெட்டுல ஒருத்தனைக் கேவலமா எழுதினா கேஸு, தெரியும்ல? ஃபைன் போடுவான், ஜெயில்ல வைப்பான், அப்புறம் ஊருக்கு ஏத்தி விட்ருவான்."

பன்னீர் கமெண்டை அழிக்கப் பார்த்தான்; பாஸ்வேர்டு நினைவுக்கு வரவில்லை. பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, தன் கமெண்டைப் பற்றித் தானே அந்த வீடியோ தளத்தை நடத்தும் கம்பெனிக்குப் புகார் அனுப்பினான். 'பரிசீலித்தோம். விதிமீறல் ஏதுமில்லை' என்று பதில் வந்தது.

"இம்புட்டுப் பெரிய பொய்யை எழுதியிருக்கேன், விதிமீறல் இல்லையாம்ல!" என்று அவனுக்குக் கோபமே வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் சொந்தப் பெயரில் இறங்கினான். 'எவன்டா நேர்மையாளன்? நான் கூட இருந்து பார்த்தவன்' என்று கீழே எழுதினான். உடனே ஆதரித்து நூறு பேர், எதிர்த்து நூறு பேர் என்று சண்டை பிடித்துக்கொண்டது. அதுவரை அடியில் கிடந்த கமெண்ட், எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்தது.

ரூமிலும் அதே பேச்சுதான். எதிர்க்கட்டில் ஐயப்பன் பேப்பர் படிக்கிற மனிதர். "எழுதுறவனுக்கும் உரிமை இருக்குல்லப்பா? கேஸு கேஸுன்னு மிரட்டினா எவன் வாயைத் திறப்பான்?" என்றார்.

"அப்படிச் சொல்லுங்கண்ணே!" என்று பன்னீர் பாய்ந்தான். "தப்பு எழுதினவன் மேல இல்ல. அதை அழிக்காம வச்சிருக்கான் பாருங்க, அந்தக் கம்பெனிக்காரன் மேலதான்!"

கார்மேகம் ஐயப்பனையே பார்த்தான். "உங்களுக்கு ஏண்ணே அவன் மேல இவ்வளவு பாசம்? போன வாரம்கூட உப்பு ஜாஸ்தின்னீங்க."

ரூமே ஐயப்பன் பக்கம் திரும்பியது.

"சத்தியமா நான் இல்லப்பா. இந்த வயசுல ஊருக்கு ஏத்தி விட்டா நான் எங்க போவேன்?"

பக்கத்தில் இருந்தவன் தள்ளி உட்கார்ந்தான். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். தப்பித்தோம் என்று நினைத்த பன்னீருக்குச் சோறு இறங்கவில்லை.

கார்மேகம் அவன் காதருகே குனிந்தான். "நாளைக்கு டூட்டி முடிஞ்சதும் டைப்பிங் சென்டருக்குப் போறோம். உன் ஐடியை எடுத்துக்க. நீ கையெழுத்துப் போடணும்."

"நானா? எதுக்குடா?"

"வா, அங்க வந்து தெரிஞ்சுக்க."

ஐயப்பனுக்கு எதிராகச் சாட்சிக் கையெழுத்துதான், வேறென்ன! மறுநாள் பன்னீர் அடித்த பெயின்டில் ஒரு காரின் கண்ணாடியும் வெள்ளையாகிவிட்டது.

டைப்பிங் சென்டர் என்பது அரசாங்க விண்ணப்பங்களை அரபியில் அடித்துக் கொடுக்கும் கடை. கம்ப்யூட்டரின் முன்னால் இருந்த கீழக்கரைக்கார ஹிஃப்ஸா நிமிர்ந்து பார்த்தாள்.

"இவர்தானா?"

"இவனேதான்" என்று பன்னீரின் தோளில் கை போட்டான் கார்மேகம்.

பன்னீர் ஐடியை மேஜைமேல் போட்டான்.

"நான்தான்! நேர்மையாளன் நான்தான்! ஐயப்பண்ணனை விட்ருங்க, அவருக்கு ஒண்ணும் தெரியாது. பொறாமைடா கார்மேகம்! என் பொண்டாட்டிகூட உன் குழம்பைத்தான் பேசுறா. கை கடுக்க நிக்கிறேனே, ஒரு பயலாவது என்னைக் கேட்டானா?"

தோளிலிருந்த கை மெல்ல இறங்கியது.

ஹிஃப்ஸா கீபோர்டிலிருந்து விரல்களை எடுத்தாள்.

"என்னண்ணே இது! புதுசா திறக்கிற சாப்பாட்டுக் கடைக்குப் பார்ட்னர் இவர்தானான்னுல்ல நான் கேட்டேன்?"