மெய்யாலுமா மாமா

'கண்ணீர் அஞ்சலி' பேனர் அடிக்க வந்தவனிடம் கண்ணீரைக் காட்டச் சொன்ன ஒரே மனிதர் இந்தப் பூலோகத்தில் எங்கள் உத்திரமேரூர் மெய்யாலுமாதான். வேறு யாராவது உங்கள் ஊரில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். நம்ப மாட்டேன், இருந்தாலும் எழுதுங்கள்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆதார் அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் நின்று நீங்கள் எதைச் சொன்னாலும், "மணி பத்தாச்சுண்ணா" என்று சொன்னால்கூட, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உங்களை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு கேட்பார்: "மெய்யாலுமா?"

ஒரு சமயம் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். பையன்கள் போனில் படங்களோடு வந்தார்கள். செத்தவர் படம் தாம்பாளம் அளவுக்கு நடுவில் இருக்கும், கீழே வருத்தப்படுகிறவர்கள் நெல்லிக்காய் நெல்லிக்காயாக இரண்டு வரிசைக்குக் கைகூப்பி நிற்பார்கள். உங்களுக்குத் தெரியாததா? நம்ம ஆள் ஒவ்வொரு நெல்லிக்காயாக விசாரணையைத் தொடங்கினார்.

"இது யாரு, கூலிங் கிளாஸ் போட்டுக்கினு?"

"பங்காளிண்ணா."

"செத்தவரோட பேச்சு வார்த்த கீதா?"

"எங்கண்ணா! வரப்புத் தகராறு. மூஞ்சியிலகூட முழிக்கறது இல்ல."

"அப்பால இன்னாத்துக்கு இங்க வந்து கை கூப்பிக்கினு கீறான்? தூக்கு அவன."

தூக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பங்காளி பைக்கில் பறந்து வந்து இறங்கினான். "எம் மூஞ்சிய எடுக்கறதுக்கு நீ யாருய்யா?" என்று ஒரே பேஜார். இவர் மவுஸிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்: "நீ அழுதியா? அழுவலன்னா போய் அழுதுட்டு வா. மெஷினு ஓடிக்கினுதான் கீது."

பங்காளி திட்டிக்கொண்டே சாவு வீட்டுக்குப் புகார் சொல்லப் போனான். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பெரியவரைப் பார்த்ததும் என்ன ஆயிற்றோ, திரும்பி வந்தபோது மூக்கும் கண்ணும் சிவந்து வீங்கியிருந்தன. கடை வாசலில் வந்து நின்றான். மெய்யாலுமா அவனை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு முதல் வரிசையிலேயே சேர்த்துவிட்டார், கூலிங் கிளாஸ் இல்லாத படமாக வாங்கி.

பிறந்தநாள் பேனர்களின் கதை இதைவிட மோசம். 'வாழும் வரலாறே' என்று எழுதிக்கொண்டு வந்தவர்களை உட்காரவைத்து, "இன்னா வரலாறு? சொல்லு, போட்டுர்லாம்" என்று கேட்டார். அரை மணி நேரம் யோசித்ததில் தெருவிளக்கு ஒன்றுதான் தேறியது. கடைசியில் 'எங்க தெருவுக்கு லைட்டு போட்டுக் குடுத்த அண்ணனுக்கு வாழ்த்து' என்றே அடித்துக் கொடுத்தார். அண்ணன் அதைக் கழற்றவே விடவில்லையாம். மழையில் சாயம் போகும்வரை அங்கேயே தொங்கியது.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் இவர் இருப்பது பெரிய ஆபத்து. யாராவது கண்ணீர் வழியச் சிரிக்கும் பொம்மையைப் போட்டால் அடுத்த நிமிடம் இவரிடமிருந்து போன் வரும்: "மெய்யாலுமே கண்ணுல தண்ணி வந்துச்சா? இன்னா ஜோக்கு அது, எனுக்கும் சொல்லேன்." இதற்குப் பயந்தே பாதிப்பேர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு இந்த ஆள்மேல் பலத்த சந்தேகம் இருந்தது. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற மனிதர் இந்தக் காலத்தில் இருக்க முடியுமா என்ன? இன்றைக்கு 'சூப்பர்' என்றால் மட்டம் என்று பொருள், 'தெய்வமே' என்றால் முட்டாளே என்று பொருள். எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூட இது தெரியும். இவருக்குத் தெரியாதா? ஊரையே வரிசையில் நிற்கவைத்து ஓட்டுகிறார், ஒரு நாள் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று காத்திருந்தேன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் அடுத்தவரைக் கிண்டலடித்து வயிறு வளர்ப்பவனாயிற்றே நான்!

இப்படி இருக்கும்போதுதான் கௌசல்யா வந்தாள். திருமுக்கூடல்காரி, வாலாஜாபாத்தில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளுக்கும் என்னை, ஏதோ. அப்பா இல்லாத வீடு. அவள் அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "எங்கண்ணன் சரின்னா சரி. தாய்மாமன் இல்லாம எங்க வூட்ல எதுவும் கிடையாது." அந்த அண்ணன் யார் என்று கேட்டேன். சொன்னார்கள். சாட்சாத் நம்ம மெய்யாலுமாதான்.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

"எங்க கௌசல்யாவ புடிச்சிகீதா?"

"பின்ன? உங்க தங்கச்சி வெக்கிற மீன் கொழம்புக்கே கட்டிக்கலாம் மாமா!"

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "மெய்யாலுமா? கொழம்புக்கோசரமா?"

"அய்யோ இல்ல மாமா, சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்த? போய்ட்டு மெய்யாலும் சொல்ற அன்னிக்கு வா."

மறுவாரம் போனேன். மேசைமேல் நம் பத்திரிகை, என் பக்கம் விரித்தபடி. பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனா. "நீ எழுதறத படிச்சேன், நைனா. எது மெய்யாலும், எது சும்மானாச்சும்னு எனுக்குப் புரியல. மெய்யாலும் கீற வரிக்கெல்லாம் ஒரு கோடு போட்டுக் குடு" என்றார்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வந்தேன். மறுபடி மேலே போனேன். என் பெயருக்கு மட்டும் கோடு போடலாம் என்று பார்த்தால் அது புனைபெயர். "இங்க்கு காஞ்சிடும், மூடி வை" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே கௌசல்யாவிடம் புலம்பினேன். அவள் மாமன் கட்சியில் சேர்ந்துவிட்டாள். "அவரு கேக்கறதுல இன்னா தப்பு? எங்கிட்டயே நீ மீம் அனுப்பித்தான சொன்ன? கடைசீல ஒரு சிரிக்கிற பொம்ம வேற. நீ ஒரு தபாகூட மூஞ்சியப் பாத்து சொன்னதே இல்ல. வாலாஜாபாத்துலேந்து வேற வரன் வந்துகீது, தெரியும்ல? மாமா சரின்னு சொல்லலன்னா தையில முடிச்சிடுவாங்க. அவங்க கேட்டா நான் இன்னான்னு சொல்றது?" போனை வைத்துவிட்டாள்.

என் நண்பர்களுக்கு அதெல்லாம் தெரியாது. 'மச்சி மேட்டர் முடிஞ்சிச்சு' என்று அவர்களாகவே முடிவு கட்டி, கல்யாண மாப்பிள்ளைக்கு நண்பர்கள் வைக்கிறார்களே ஒரு பேனர், அதை வைத்துவிட்டார்கள். மாலை போட்ட என் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே யானை உயர எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே எறும்பளவு எழுத்தில் 'பேச்சிலர் வாழ்க்கையை விட்டு விண்ணுலகம் போகும் நண்பனுக்கு'. மெய்யாலுமா இதை அடிக்க மாட்டார் என்று செங்கல்பட்டுவரை போய் அடித்துக்கொண்டு வந்து, ராத்திரியோடு ராத்திரியாக எங்கள் ஊர் கூட்ரோட்டில் கட்டிவிட்டார்கள். காலையில் போட்டோ அனுப்பினார்கள். நானும் சிரிக்கிற பொம்மை போட்டேன்.

போட்டுவிட்டு லுங்கியோடு நாஷ்டாவுக்கு உட்கார்ந்தேன். வாசலில் ஆட்டோ சத்தம். கையில் பெரிய ரோஜா மாலையோடு மெய்யாலுமா இறங்கினார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகை. வாசலில் பந்தல் இல்லை, பறை இல்லை, நாற்காலி இல்லை. எதையும் அவர் பார்க்கவில்லை. நேரே உள்ளே வந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். பேனரைப் பார்த்துவிட்டுப் பதிலுக்கு நடிக்கிறார், ஆள் மாட்டினார் என்று நினைத்தேன். வாயில் இட்லியோடு அவர் பாணியிலேயே கேட்டேன்: "மெய்யாலுமா மாமா?"

பளாரென்று ஒன்று விட்டார். இட்லி சுவரில் போய் ஒட்டியது.

"பேமானி! தங்கச்சி வூட்லேந்து பஸ்ஸுல வரசொல்லோ பாத்தேன்டா! கையும் ஓடல, காலும் ஓடல எனுக்கு. அந்தப் பொண்ணுகிட்ட இத்த எப்டிரா சொல்வேன்னு வழி பூரா அழுதுகினு வரேன். கேலியா பூட்ச்சா உங்களுக்கு? சாவுமா கேலி?" என்று இன்னொன்று ஓங்கினார். அடிக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, இன்னும் சத்தமாக அழுதார்.

ஊரில் ஒரு பேனரைக்கூட நம்பாத மனுஷன், இந்த ஒன்றைக் கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறார். பஸ்ஸை நிறுத்தி எறும்பெழுத்தைப் படிக்கக்கூடத் தோன்றவில்லை. என்னை அவருக்கு அவ்வளவு பிடித்திருந்ததா? நாலு வார்த்தை ஒழுங்காகப் பேசியதில்லை நாங்கள். இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"மாமா, கௌசல்யா இல்லன்னா என்னால ஆவாது மாமா. அவள வேற யாருக்காச்சும் குடுத்துடுவீங்களோன்னு பயமா கீது" என்றேன். அதோடு நின்றுவிட்டது. பின்னாலேயே ஒரு ஜோக் வரும் என்று நானே எதிர்பார்த்தேன், வரவில்லை.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார் என்று பார்த்தேன். அதைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். "மொகத்த கழுவிக்கினு கெளம்பு. இத்த அவகிட்டயும் வந்து சொல்லு" என்றார். சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டில் வைக்கக் கூடாதென்று வெளியே போட்டார். எதிர்வீட்டு எருமை அதை நாரோடு தின்று தீர்த்தது.

திருமுக்கூடலில் நான் சொன்னதை கௌசல்யா முழுசாகக் கேட்டாள். என் கன்னத்தில் அவள் மாமனின் விரல்கள் பதிந்திருந்ததைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். கல்யாண பேனரை மாமாதான் அடித்தார். சிங்கம் இல்லை, புலி இல்லை, 'இவங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் புடிச்சிகீது. எல்லாரும் வாங்க' என்று மட்டும் போட்டிருந்தார்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும் மாமா இந்தப் பக்கத்தைத்தான் முதலில் விரிப்பார். சிவப்புப் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். இந்த வாரம் பேனாவை மூடியே வையுங்கள் மாமா. ஒரு வரிக்கு நானே கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன்: உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.