முழுத் திரையும் விழுந்த படம்

'வா' என்ற ஒற்றை எழுத்தைத் தன் வாயால் சொல்வதில்லை என்று ராசப்பன் சபதம் செய்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

ஸ்ரீரங்கத்து வீட்டில் நடந்த சண்டை சின்னதுதான். "நான் இல்லாம ரெண்டு நாள் இருப்பீங்களா?" என்று கேட்டாள் மனைவி அனுசுயா. "ராஜா மாதிரி இருப்பேன்" என்றார். "கூப்பிட்டாத்தான் வருவேன்" என்று தாம்பரத்தில் மகள் யமுனா வீட்டுக்கு ரயிலேறிவிட்டாள்.

ராஜாவின் நிலைமை கேளுங்கள். தும்மினால் 'நூறு' சொல்ல ஆளில்லை. அவரே தும்மி, அவரே நூறு சொல்லி, ஆயுசு நூறைத் தாண்டி ஐந்நூற்றை எட்டிவிட்டது. காலையில் கை மறந்து இரண்டு டம்ளர் காபி ஆற்றும். இரண்டாவது டம்ளர் எதிர் நாற்காலி முன்னால் ஏடு கட்டிக் கிடக்கும். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எப்போது வரும் என்று தூக்கத்திலும் சொல்வார். அனுசுயா எப்போது வருவாள் என்பது மட்டும் எந்த அட்டவணையிலும் இல்லை.

அவளாகவே ஓடி வரும்படி ஒரு பொறாமையைக் கிளப்பினால்? கம்ப்யூட்டர் காலண்டரைத் திறந்தார். திங்கள், நஸ்ருல்லாவுடன் கேரம். செவ்வாய், முக்கொம்பு உல்லாசப் பயணம். புதன், நண்பர்களுக்கு விருந்து. ஒன்றுகூட நிஜமில்லை. நஸ்ருல்லா துபாய் போய் இரண்டு வருஷமாகிறது. பக்கத்து வீட்டு லூர்துராணி டீச்சர் என்றோ சொல்லிக்கொடுத்த பட்டனை ஒரு தட்டு. ஸ்கிரீன்ஷாட் விழுந்தது. அப்படியே வாட்ஸ்அப்பில் அனுசுயாவுக்குத் தட்டிவிட்டார்.

ஐந்தே நிமிஷத்தில் போன் அடித்தது. பின்னால் தடதடவென்று சத்தம். மகள் வீட்டு மிக்ஸி என்று நினைத்துக்கொண்டார்.

"ஏங்க, ரொம்ப பிஸி போல."

"மூச்சு விட நேரமில்ல."

"படத்துல மேல வரிசையா என்னமோ திறந்து கிடக்கே, அதுவும் உல்லாசந்தானா?"

"மேலயா?"

"முழுத் திரையையும் எடுத்து அனுப்பியிருக்கீங்க. நீங்க தேடிப் படிச்சதெல்லாம் மேல தெரியுது. படிக்கவா? 'ரசம் வைப்பது எப்படி'."

"அது விருந்துக்கு."

"'ரசத்தில் உப்பு குறைய'."

"அதுவும் விருந்துக்குத்தான்."

"'தாம்பரம் ஸ்ரீரங்கம் ரயில் நேரம்'."

"பழைய உத்தியோகப் பழக்கம், விடு."

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "'தனியாகப் பேசுவது நோயா'."

ராசப்பன் அந்தப் பக்கத்தை அவசரமாக மூடினார்.

"யார்கிட்டங்க பேசுறீங்க?"

"டேபிள் ஃபேன்கிட்ட."

"என்ன சொல்லுது?"

"எதக் கேட்டாலும் இல்ல, இல்லன்னு தலையாட்டுது."

"அதுகிட்ட என்ன கேட்டீங்க?"

"நீ வருவியான்னு."



"ஃபேன்கிட்ட கேக்கறத என்கிட்ட கேட்டா என்ன, கிரீடம் இறங்கிடுமா? ஒரே ஒரு தடவை வான்னு சொல்லுங்க."

 ராசப்பன் ஃபேனைப் பார்த்தார். அது வழக்கம்போல இல்லை என்றது. நாற்பத்தோரு நாள் சபதம் தொண்டையில் கரைந்தது.

"வா அனு."

"சரி, நீங்க கூப்பிட்டதால வரேன். லால்குடி தாண்டியாச்சு, பை ரெண்டும் கனமா இருக்கு, ஸ்டேஷனுக்கு வந்து நில்லுங்க."