பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர்

மார்த்தாண்டம்,
மே 11.

மஸ்கட்டில் இருக்கும் மைத்துனன் ஜக்கரியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் கூடப்பிறந்த லாத்தா பல்கீஸ் பீவியும் உன் ஃபிளாட்டில் சுகம். சுகம் என்பது வழக்கத்துக்காக எழுதியது; உண்மையில் கால் வெந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால் கடிதம்.

ஒரு மாதமாக இந்தக் கட்டடத்தில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. மொட்டைமாடியில் ஆறு வீட்டுக்கும் பொதுவாக இருக்கிற சோலார் ஹீட்டர் மே மாத வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்று யோசித்துப் பார். லுஹர் தொழுகைக்கு ஒளுச் செய்து கால் கழுவ நீட்டியவன் சுவர்வரை துள்ளினேன். கக்கூஸ் ஃபிளஷ் தொட்டியைத் திறந்தால் ஆவி. முப்பத்தாறு வருடம் தபால் இலாகாவில் ஒரு கடிதத்தையும் வீடு மாற்றிக் கொடுக்காதவன் நான். இங்கே ஒரு குழாய்க்குத் தன் தண்ணீர் எது என்று தெரியவில்லை.

பிளம்பர் ராஜையனை வரவழைத்தேன். மாடியேறி எதையோ அடைத்துவிட்டு வந்து, நம் சமையலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தான். தண்ணீர் நிற்காமல் கொட்டியது. "சாரே, ஹீட்டருக்குப் போற தண்ணிய நான் அடைச்சாச்சு. இனி இதுல வரப்பிடாது. வருது பாத்தியளா? அப்போ யாருக்க வீட்டுலயோ ரண்டு லைனும் ஒண்ணோட ஒண்ணு கலருது. ஒவ்வொரு வீடா அடைச்சுப் பாக்கணும். இங்க இருந்து தொடங்கட்டா?" என்றான். நம் வீட்டில் பார்க்க ஒன்றுமில்லை, நேரே மேலே போவோம் என்றேன்.

மேல் வீட்டு ஞானதாசன் குளச்சலில் படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். தினமும் மாலை அஸர் தொழுகை கழிந்து என்னோடு நடக்க வருகிறவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஈஸ்டருக்கு அவர் தன் கையாலேயே குளியலறையில் புதுக்குழாய் மாட்டினார். வேறு யாரைச் சந்தேகப்படுவது? கேட்டதற்கு, "நடுக்கடல்ல எஞ்சின் ஓட வச்சவன் சாரே நான். எனக்கு ஒரு பைப்பு மாட்டத் தெரியாதா?" என்றார். "கடல்ல எல்லாம் ஒரே வெள்ளம். இங்க பச்ச வெள்ளம், சுடுவெள்ளம்னு ரெண்டாக்கும்" என்றேன். அவர் மனைவி குளோரி சிரித்துவிட்டாள். நான் சொன்னதைவிட அதுதான் அவருக்குச் சுட்டது. கதவைச் சாத்திக்கொண்டார். "நீங்க ரண்டு பேரும் ராசியான பொறவு கூப்பிடுங்க" என்று ராஜையன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். பத்து நாளாக நான் தனியாக நடக்கிறேன்.

ஆகவே, வீட்டுச் சொந்தக்காரன் என்ற முறையில் நீ கட்டடச் சங்கச் செயலாளருக்கு உடனே எழுதி, ஞானதாசன் வீட்டுச் சுவரை உடைத்துக் குழாய்களைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். குழாய்களின் படம் வரைந்து இணைத்திருக்கிறேன்.

நிஸ்ரினுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் சலாமும் துஆவும். உங்கள் ஊர்க் குழாய்களாவது அவற்றின் மரியாதையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வெந்த காலுடன் உன் மச்சான்,
ஜலாலுதீன்.

பி.கு.: நேற்று கவரை ஒட்டப் போகையில் மேலே சுத்தியல் சத்தம் கேட்டது. ரோஷத்தில் ஞானதாசன் தானே சுவரை உடைத்துவிட்டார். உள்ளே குழாயில் ஒரு குறையும் இல்லை. குளோரி கூப்பிட்டு வந்திருந்த ராஜையன், "இனி ஒங்க வீடுதான் சாரே" என்று என்னைக் கேட்காமலே உள்ளே நுழைந்தான். போன மாதம் வாங்கிய கை ஷவர் இருக்கிறதல்லவா, அதில் பாடுபட்டுக் கிடைத்த இளஞ்சூடு கலையக்கூடாதென்று நான் சுவரிலுள்ள வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு திருகையும் திறந்தே வைத்து, பிடியிலிருக்கும் பொத்தானை மட்டும் அடைப்பது வழக்கம். "வெளிய போக வழியில்லாம ரண்டும் உள்ளுக்குள்ளயே கலந்து கட்டடம் முழுக்கப் போவுது" என்று சொல்லி இரண்டையும் இறுக்கித் திருகினான். கால்மணி நேரத்தில் ஆறு வீட்டிலும் பச்சைத் தண்ணீர் வந்தது.

உன் லாத்தா நேரே மேலே போய் ஞானதாசனையும் குளோரியையும் கூட்டிவந்தாள். சுவர் பூசி முடியும்வரை இருவரும் நம் வீட்டில்தான் குளிக்கிறார்கள். இன்று நான் சூடு பார்த்துத் திறந்து கொடுத்த ஷவரில் அரைமணி நேரம் குளித்துவிட்டு வந்த ஞானதாசன், தலையைத் துவட்டிக்கொண்டே, "நீங்க திருகி வச்ச சூட்டுப் பதம் நல்லாக் கொள்ளாம் சாரே" என்றார். நான் உள்ளே போய் இரண்டு திருகையும் இறுக்கி அடைத்தேன். சங்கத்துக்கு எதுவும் எழுதிவிடாதே.