பொதுப்பணித்துறைக்கு ஒரு நெஞ்சுவலி

அமைச்சர் நோயில் விழுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்.

அந்த வாரம் இலாகா மாற்றம் என்று பேச்சு பலமாக அடிபட்டது. அவரிடம் இருந்தது எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை. மற்ற அமைச்சர்கள் போடும் உத்தரவுகளை அச்சடித்துக் கொடுப்பதுதான் வேலை. அவர் அறைக்கு மனுவோடு வருகிறவர்கள்கூடப் பெரும்பாலும் பக்கத்து அறைக்கு வழி கேட்க வந்தவர்கள். அமைச்சரவைக் கூட்டத்தில் அவருக்குக் கதவோரத்து நாற்காலி. காபித் தட்டு உள்ளே வரும்போதெல்லாம் எழுந்து வழிவிட வேண்டும். மூன்று வருஷம் இப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் முழங்கால் தேய்ந்ததே தவிர, செல்வாக்கு வளரவில்லை. இந்தத் தடவை பொதுப்பணித்துறையைப் பிடிக்காவிட்டால், அடுத்த தடவை நாற்காலியே கதவுக்கு வெளியே போய்விடும்.

அதனால், அன்றைய கூட்டத்துக்குப் போகாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவது என்று திட்டம். கட்சியில் அவர் சொன்னால் கேட்கிற எம்.எல்.ஏ.க்கள் நாலு பேர் உண்டு. ஆள் கோபத்தில் படுத்திருக்கிறார் என்று செய்தி பரவும். முதலமைச்சர் பதறியடித்து வீடு தேடி வருவார். கட்டிலோரம் உட்கார்ந்து, என்னப்பா வேணும் உனக்கு என்று கேட்பார். அதற்கு மேல் என்ன சொல்வது என்று மூன்று வருஷமாக ஒத்திகை பார்த்தாகிவிட்டது.

மனைவி துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"சரி. நான் என்ன சொல்லணும்?"

"நிலைமை மோசம்னு சொல்லு. டாக்டர் பயமுறுத்திட்டார்னு சொல்லு."

"எவ்வளவு மோசம்?"

"உன் சாமர்த்தியம்."

அவர் போர்வைக்குள் போனார். கூடத்தில் தொலைபேசி மணியடித்தது. அவள் எடுத்தாள். அப்புறம் அது நிற்கவேயில்லை. அரசு அச்சகத்தில் கூரை ஒழுகி, காகிதக் கட்டெல்லாம் நனைகிறது என்று புலம்பினார்கள். அந்தக் கூரைக்காகப் பொதுப்பணித்துறைப் பொறியாளரிடம் அமைச்சர் மூன்று வருஷமாகக் கெஞ்சி அலுத்திருந்தார். அவள் பொறியாளரைக் கூப்பிட்டு, அமைச்சர் இந்தக் கூரையை நினைத்தே நெஞ்சுவலி வந்து படுத்துவிட்டார், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் உங்கள் பெயர்தான் பத்திரிகையில் வரும் என்று அன்பாகத்தான் சொன்னாள். மத்தியானத்துக்குள் கூரைமேல் ஆள் ஏறிவிட்டது.

கட்டிலில் கிடந்தவருக்கு அது ரசிக்கவில்லை. தான் இல்லாமலும் துறை ஓடுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. படுத்திருக்கிற மனிதன் கேட்கக் கூடாத சத்தம் அது. திரும்பிப் படுத்தார்.

சாயங்காலம் வாசலில் கார்க் கதவுகள் வரிசையாகச் சாத்தப்பட்டன. முதலமைச்சர். அமைச்சர் அவசரமாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு முனகலையும் தயார் செய்தார். ஆனால் கூடத்திலிருந்து யாரும் உள்ளே வருவதாக இல்லை. முதலில் அவள் குரல் தணிந்து கேட்டது. பிறகு முதலமைச்சர் உச்சுக் கொட்டினார். நடுவில் ஒரு தொலைபேசி. அப்புறம் இருவரும் சிரித்தார்கள். முனகல் ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் முதலமைச்சர் அறைக்குள் வந்தார். உட்காரவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கப்பா. எல்லாம் தங்கச்சிகிட்ட பேசிட்டேன்," என்று சொல்லிப் போய்விட்டார்.

கார்கள் தெருமுனை தாண்டியதும் நோயாளி எழுந்து உட்கார்ந்தார்.

"குடுத்தாரா?"

"குடுத்தார்."

"பொதுப்பணியா?"

"பொதுப்பணியேதான். நாளைக்குக் காலையில ஆளுநர் மாளிகையில பதவிப்பிரமாணம்."

கட்டிலைவிட்டுக் குதித்தவர் பாதியில் நின்றார். "இலாகா மாறுறதுக்கு எதுக்குப் பிரமாணம்? நான்தான் அன்னிக்கே எடுத்துட்டேனே."

"நீங்க எடுத்துட்டீங்க. நான் எடுக்கலியே."

அவள் ஒளிக்காமல் சொன்னாள். நீங்கள் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். மாடிப்படி ஏறக்கூடாது, ஒரு ஃபைலைக்கூடக் கையில் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். அண்ணன் கண்கலங்கிவிட்டார். இப்படிப்பட்ட மனுஷன் தலையில் இனி பாரம் ஏற்றுவது பாவம், உடனே ஓய்வு கொடுத்துவிடலாம் என்றார். ஆனால் பதவி வீட்டைவிட்டுப் போனால் அந்த நாலு எம்.எல்.ஏ.க்களும் முறைப்பார்களே என்று யோசித்தார். அந்த நேரம் பார்த்துப் பொறியாளர் கூப்பிட்டு, கூரை முடிந்தது அம்மா என்றார். அந்த ஆளை முதலமைச்சராலேயே வேலை வாங்க முடியவில்லையாம்.

"நீயே பார்த்துக்கிறியா தங்கச்சின்னு கேட்டார். வீடு தேடி வந்தவர்கிட்ட மாட்டேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அமைச்சராக இருந்தவர் சட்டத்தைக் கையில் எடுத்தார்.

"அதெப்படி? நீ எம்.எல்.ஏ.வே கிடையாதே."

"இப்ப வேண்டாமாம். ஆறு மாசத்துக்குள்ள ஜெயிச்சு வந்தாப் போதுமாம்."

அவருக்கு உயிர் வந்தது. வாய்விட்டுச் சிரித்தார். "ஜெயிக்கிறதுக்குத் தொகுதி காலியா இருக்கணும்டி. உனக்காக எந்த ஏமாளி தன் சீட்டை ராஜினாமா பண்ணுவான்?"

அவள் அவரை மெல்லப் படுக்கவைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"நீங்க எழுந்திரிக்கவே வேண்டாங்க. டைப் அடிச்சுக் கொண்டாரேன், படுத்துக்கிட்டே கையெழுத்துப் போடலாம்."