நாகப்பட்டினத்தை விட்டுக் கிளம்பாத கப்பல்

திருத்தக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்கு அவரைத் தெரியும். கல்யாண வீட்டில் நாலு பேர் சீட்டுக்கட்டைப் பிரித்தால் போதும், ஐந்தாவது ஆளாக வந்து உட்கார்ந்து, "முதல்ல ரூல்ஸைப் பேசிக்குவோம்" என்பார். பேசி முடிப்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அவர் கெட்டவரா? இல்லை. அதுதான் தொந்தரவே. கெட்டவராக இருந்தால் எழுந்து போகச் சொல்லிவிடலாமே.

இந்த இனத்தின் குறையற்ற மாதிரி, எண்பதுகளின் கடைசியில் குத்தாலத்தில் இருந்த சாரங்கபாணி. மாயவரத்தில் குத்தகை வழக்குகளை விசாரிக்கும் அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். கழக ஆட்சிகள் மாறி மாறி வந்து, குத்தகைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம், அந்தத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம், அதற்கொரு காலக்கெடு நீட்டிப்பு என்று உத்தரவுகள் வந்து குவிந்த காலம். ஊரில் மற்றவர்கள் இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்குப் போனார்கள். சாரங்கபாணி உத்தரவுகளைப் படித்தார். படித்துவிட்டு, "இதுல ஒரு ஓட்டை இருக்கு" என்று சந்தோஷமாகத் தூங்கப் போவார்.

அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஹபீப் முகம்மது சிங்கப்பூரிலிருந்து திரும்பிவந்து கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்தார். வரும்போது ஒரு பெட்டியும் கொண்டுவந்தார். உள்ளே பல முகங்கள் கொண்ட பகடைகள், ஓர் ஆங்கிலப் புத்தகம். விநோதமான விளையாட்டு. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள்ளேயே ஆட்களாகிவிடுவார்கள். "நான் கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், கதவு உடைந்ததா, தோள் உடைந்ததா என்பதைப் பகடை சொல்லும். புத்தகம் முழுக்க பாதாள அறைகளும் நெருப்பு கக்கும் பிராணிகளும்.

"இதெல்லாம் நமக்கு எதுக்குப்பா?" என்றார் சாரங்கபாணி. "கடாரத்துக்குக் கப்பல் விட்ட சீமை இது. சோழர் காலத்துக் கப்பல் பயணமா மாத்திருவோம். விதியெல்லாம் நான் எழுதறேன்."

ஹபீப் அந்த நிமிஷமே பெட்டியைப் பூட்டியிருக்க வேண்டும். பூட்டவில்லை. ஏனென்றால் அவர் மனதில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அதே வகுப்பில் படித்தவர்கள் இன்னும் இருவர். துரைராசுவுக்கு நிலம் இருந்தது. வைரக்கண்ணு அந்த நிலத்தில் குத்தகைக்குப் பயிரிட்டார், அவருடைய அப்பாவும் அதில்தான் உழுதார். துரைராசு நிலத்தைத் திரும்பக் கேட்டு, சாரங்கபாணியின் அலுவலகத்திலேயே வழக்குப் போட்டார். வைரக்கண்ணு வெளியேற மாட்டேன் என்றார். ஒரு வருஷம் மடையை அடைத்தார்கள். மறு வருஷம் வரப்பில் செங்கொடி ஏறியது. இரண்டு தரப்பிலும் மண்டை உடைந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், எதிரில் வந்தால் சைக்கிளைச் சந்துக்குள் திருப்பினார்கள்.

ஹபீப் இருவரையும் கடை மாடிக்குத் தனித்தனியாகக் கூப்பிட்டார், மற்றவர் வருவதைச் சொல்லாமல். வந்தார்கள், பார்த்தார்கள், முகம் கறுத்தார்கள். ஆனால் முதலில் எழுந்து போனவன் தோற்றவனாகிவிடுவானே! ஆகவே இருவரும் உட்கார்ந்தார்கள். சாரங்கபாணி துரைராசுவைச் சரக்கு ஏற்றும் வணிகராக்கினார், வைரக்கண்ணுவைக் கப்பல் தலைவனாக்கினார், ஹபீப்பைக் குதிரை வியாபாரியாக்கினார்.

கரையில் பேசாதவர்கள் கப்பலில் பேசித்தானே ஆகவேண்டும்?

"சரக்கெல்லாம் ஏறியாச்சா?" என்றார் துரைராசு, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"ஏறியாச்சுங்க, முதலாளி" என்றார் வைரக்கண்ணு. அந்த 'முதலாளி'யில் ஒரு குத்தல் இருந்தது; ஓரத்தில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. ஹபீப் மனதுக்குள் அல்லாவுக்கு நன்றி சொன்னார். இனி நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

"கிளம்பலாமா?" என்றார்.

"குடிதண்ணி?" என்றார் சாரங்கபாணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்ப் பீப்பாயில் போயிற்று. சோழர் காலத்தில் பீப்பாய் உண்டா, மண்சாலா, தோல்பையா என்று அவருக்கே சந்தேகம் வந்து ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு பாய்க்கயிற்றில் போயிற்று. அதற்கடுத்த ஞாயிறு எலி: "மேற்படி கயிற்றை மேற்படி எலி கடித்திருப்பின், கடித்த அளவுக்கேற்பப் பகடை உருட்டப்பட வேண்டும், எனினும் கப்பலில் பூனை இருக்கும் பட்சத்தில் இவ்விதி பொருந்தாது." பூனைக்குத் தனி விதி. குதிரைக்குக் கொள்ளு விதி. இப்படியே போய், ஒருநாள் அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அறிவித்தார்: "மேற்கேருந்து அடிக்கிற கச்சான் காத்து நின்னுபோச்சுப்பா. கடாரத்துக்கு இனிமே அடுத்த வருஷ ஆனியிலதான் கிளம்ப முடியும்."

வைரக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். "இதுக்கு எங்க கேஸே தேவலாம்டா. அதுலயாச்சும் வாய்தா தேதி குடுக்கிறீங்க."

துரைராசு தன்னை மறந்து சிரித்துவிட்டார். பிறகு இருமல் மாதிரி அதை மாற்றிக்கொண்டார்.

அன்று ஹபீப் சாரங்கபாணியைத் தனியே பிடித்தார். "அடுத்த வாரம் தீர்ப்பு. எவனாவது ஒருத்தன் தோத்துருவான். அப்புறம் ஜென்மத்துக்கும் ரெண்டு பேரும் ஒரு கூரையில உக்காரமாட்டானுங்க. இந்த ஞாயித்துக்கிழமை கப்பலை விட்டுருடா. ஓட்டைக் கப்பலா இருந்தாலும் பரவாயில்ல."

சாரங்கபாணிக்குக் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. இவ்வளவு முக்கியமான பயணம் என்றால், அதைக் குறையில்லாமல் நடத்தியாக வேண்டும் அல்லவா? எனவே ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போனார், ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியரிடம் சோழர்கள் பலகை இடுக்கை எதை வைத்து அடைத்தார்கள் என்று கேட்டு வருவதற்கு. "நான் வர்ற வரைக்கும் கப்பலை யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பேராசிரியர் வீட்டில் இல்லை. சாரங்கபாணி மதியமே திரும்பிவிட்டார். கடை மாடிப்படியில் கால் வைத்தபோது மேலே ஒரே கூச்சல்.

"புயல் தூக்கிப் போட்டுருச்சு! துரைராசு தண்ணியில விழுந்துட்டான்!" இது ஹபீப்.

"டேய் வைரம், கயித்தைப் போடுறா!" இது துரைராசு.

"விட்டுட்டுப் போனா கேஸே முடிஞ்சுரும்ல?" என்றார் வைரக்கண்ணு. மூவரும் வெடித்துச் சிரித்தார்கள். பிறகு அவர் குரல் மாறியது. "கயிறு எட்டாது. நான் குதிக்கிறேன். பகடையைக் குடு."

பகடை தரையில் உருண்டது. அப்புறம் துரைராசு போட்ட சத்தத்தில் கீழே கடைத்தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சாரங்கபாணி படியில் நின்றார். புயலுக்கு அவர் இன்னும் விதியே எழுதவில்லை. எதை வைத்து உருட்டினார்கள்? எத்தனை வந்தால் பிழைப்பு? காது சிவந்தது. ஆத்திரத்தோடு இரண்டு படி ஏறினார். அடுத்த படியில், தான் இல்லாமல் அவர்கள் எவ்வளவு நன்றாக இருக்கிறார்கள் என்பது உறைத்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஹபீப்தான் எட்டிப் பார்த்தார். "வா வா, பாதிக் கடல் தாண்டிட்டோம். நீ யாரு இந்தக் கப்பல்ல?"

சாரங்கபாணி விழித்தார். இத்தனை விதி எழுதியவர், தனக்கென்று கப்பலில் ஓர் ஆளை வைத்துக்கொள்ளவே இல்லை.

"சமையக்காரன்" என்றார், வாய்க்கு வந்ததை.

"சோறு வெந்துச்சான்னு உருட்டு."

உருட்டினார். சோறு தீய்ந்துபோயிற்று. நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த வணிகரும், அவரை இழுத்துப் போட்ட கப்பல் தலைவனும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். அவ்வளவு சுகமான திட்டை அவர் அதற்குமுன் வாங்கியதில்லை.

தீர்ப்பு நாளுக்கு முன்னால் இருவரும் ஒரே சைக்கிளில் அலுவலகத்துக்கு வந்தார்கள். நிலத்தைப் பங்கு பிரித்துக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்வதாகக் கூட்டு மனு. சாரங்கபாணி படித்தார். நிலவரிக் கணக்கின் பசலி ஆண்டு விட்டுப்போயிருந்தது. திருப்பி அனுப்பலாம், அனுப்பினால் இன்னொரு வாய்தா, அதற்குள் யார் வீட்டில் யார் என்ன ஓதுவார்களோ. அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில் "இதை இங்க எழுதிக் கையெழுத்தைப் போடுங்கப்பா" என்று பேனாவை அவர்கள் பக்கமே நீட்டினார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே நடையில் அவர் உள்ளே அனுப்பிய முதல் மனு அதுதான்.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அடுத்த ஞாயிறே கப்பல் சமையலுக்கு விதிகள் எழுதிக்கொண்டு வந்தார்: விறகு ஈரமாயிருப்பின், உப்பு மிகுந்திருப்பின். அவர் வாசிக்க வாசிக்க, மற்ற மூவரும் கப்பலை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அவரைப் பார்த்து நீங்கள் சிரித்ததில் தப்பில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம். அந்தப் பகடைக்கு எத்தனை முகம், எந்த எண் வந்து துரைராசு பிழைத்தார் என்று இங்கே எங்குமே சொல்லவில்லை. அது உங்களை உறுத்தியதா? குத்தாலத்திலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பி மதியத்துக்குள் திரும்ப முடியுமா என்று மனதுக்குள் கணக்குப் போட்டீர்களா? அப்படியானால் ஒரு வேண்டுகோள். அந்தப் பென்சிலை மெதுவாகக் கீழே வையுங்கள். பக்கத்து அறையில் உங்கள் வீட்டார் ரொம்ப நேரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.