கோபுரம் தெரியும் ஜன்னல்

"அடேயப்பா, எவ்வளவு அழகான ரூம்!" என்றாள் அன்றுதான் அந்த வீட்டுக்குக் குடிவந்த அசுந்தா, அறை வாசலில் நின்றபடியே.

"உங்களோடதுதான். எடுத்துக்கோங்க," என்றாள் கோல்னூஷ்.

ஈரானின் ஷிராஸில் பிறந்தவள் வேறென்ன சொல்வாள்? ஒருவர் நம் பொருளைப் புகழ்ந்தால் உடனே அதை அவரிடம் நீட்ட வேண்டும். அவர் மூன்று முறை மறுக்க வேண்டும். பிறகு இருவரும் சிரித்துவிட்டு டீ குடிக்க வேண்டும். அவள் ஊரில் ரொட்டிக்கடைக்காரனுக்குக்கூட இது தெரியும்.

இத்தாலியின் தென்கோடியில் இருக்கும் கலாப்ரியாக்காரி அசுந்தாவுக்குத் தெரியவில்லை. அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "நிஜமாவா சொல்ற?"

"என் உயிரையே கேட்டாலும் தருவேன்."

அசுந்தா ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி. ரொம்ப நன்றி," என்று பெட்டியை உள்ளே இழுத்துவிட்டாள்.

போச்சு!

கோல்னூஷ் வட இத்தாலியின் பொலோனியா நகருக்குப் படிக்க வந்து மூன்றே நாள். அந்த மூன்று நாளும் அவள் வகுப்பைவிட ஜன்னலில்தான் அதிகம் இருந்தாள். வெளியே செங்கல் நிறக் கூரைகள் அலை அலையாக இறங்கிப் போகும். அவற்றுக்கு நடுவே இரண்டு கோபுரங்கள். ஒன்று வானத்தைத் தொடப் பார்க்கும், மற்றது இதோ விழப்போகிறேன் என்று சாய்ந்து நிற்கும். பல நூறு வருஷமாக அப்படியே நிற்கிறதாம்! மனுஷன் கை கட்டியதா இது என்று அவள் வாயடைத்துப் போனாள். பக்கத்து தேவாலயத்து மணி கால்மணிக்கு ஒரு தடவை அடிக்கும். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உடம்பு புல்லரிக்கும். தினமும் சாயங்காலம் அந்தக் காட்சியை போனில் அம்மாவுக்குக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அம்மாவோ அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

இப்போது மிச்சமிருந்தது வீட்டின் பின்கட்டு அறை. ஜன்னலே கிடையாது. பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் கை கால் தெரியும்.

மறுநாள் ஒரு சாக்கு கிடைத்தது. ஜன்னல் அறையில் அவளுடைய கம்பளி விரிப்பு தங்கிவிட்டது. அதை எடுக்கப் போகிற மாதிரி போய்ப் பேச்சைத் தொடங்கலாம்.

"இந்த விரிப்பு..." என்று ஆரம்பித்தாள்.

"ஆமா, பிரமாதமான வேலைப்பாடு," என்றாள் அசுந்தா.

"உங்களோடதுதான்!" என்றது வாய். பாழாய்ப்போன வாய்!

மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மா ஒர்னெல்லாவிடம் போனாள். அந்தம்மாள் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: "நீங்களே பேசி ரூமை மாத்திக்கிட்டீங்களாமே? அந்த இருட்டு ரூம் உனக்குக் கஷ்டமா இருக்கா? நான் வேணா அவகிட்ட சொல்லட்டுமா?"

"ஐயையோ, உங்களுக்கு எதுக்கு சிரமம்!" என்றாள் கோல்னூஷ். இன்னும் இரண்டு தடவை கேட்பாள் என்று காத்திருந்தாள்.

"அப்ப சரி," என்று ஒர்னெல்லா உப்புப் பார்க்கப் போய்விட்டாள்.

குளியலறையில் உச்சியில் ஒரு கண்ணாடித் திறப்பு இருந்தது. குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை வெளியே நீட்டினால் கோபுரத்தின் நுனி கிடைக்கும். ரூம் மாறிய அன்றிலிருந்து ஒரு வாரம் அப்படித்தான் ஓடியது. எட்டாம் நாள் கால் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தாள்.

"ஐயோ, கோபுரம் விழுந்துடுச்சே!" என்று ஷிராஸில் அம்மா அலறினாள்.

"கோபுரம் இல்லம்மா, நான்தான்," என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அட அசடே! நேராப் போய், ரூமைத் திருப்பிக் குடுன்னு கேளுடி."

"இது நீ வளர்த்த வாய்தானேம்மா!"

இருந்தாலும் துணிந்து கதவைத் தட்டினாள். அசுந்தா திறந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். இவளும் விடிய விடியக் கோபுரத்தைத்தான் பார்க்கிறாள், கொடுத்துவைத்தவள் என்று கோல்னூஷுக்கு வயிறெரிந்தது.

அவள் வாய் திறப்பதற்குள் அசுந்தா தும்மினாள். தும்மிவிட்டு, "கோல்னூஷ், உனக்கு அந்த ரூம் பிடிக்கலைன்னா சொல்லு, திரும்ப மாத்திக்கலாம். நிஜமாத்தான் கேக்கறேன்," என்றாள்.

தெய்வமே வந்து கேட்ட மாதிரி இருந்தது. சரி என்ற ஒரே ஒரு சொல் போதும்.

"செத்தாலும் மாட்டேன்!" என்றாள் கோல்னூஷ். "குடுத்தது குடுத்ததுதான்!"

அசுந்தா மறுபடி தும்மிவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

பத்தாம் நாள் காலை நடைவழியெங்கும் பெட்டிகள். அசுந்தாவின் அப்பா ஊரிலிருந்து வேனோடு வந்திருந்தார். கம்பளி விரிப்பைச் சுருட்டி, கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தார்.

"அசுந்தா வீட்டைக் காலி பண்றாங்களா? ஏன்?" கோல்னூஷுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அந்தத் தங்கமான பொண்ணு நீதானாம்மா?" என்று அவர் விரிப்பை அவள் கையில் கொடுத்தார். "கம்பளி பட்டாலே அவளுக்குத் தும்மல். வெளிச்சமும் மணிச் சத்தமும் இருந்தா பொட்டுத் தூக்கம் வராது. ஊரெல்லாம் தேடி, ஜன்னலே இல்லாத ரூம்னு இந்த வீட்டைப் பிடிச்சா. மனசாரக் குடுக்கறதை மறுக்கறது எங்க ஊர்ல பெரிய பாவம்மா, அதான் வாங்கிக்கிட்டா. அன்னிக்கு உன் ரூமுக்கு அவ வந்தது, பின்கட்டு ரூமுக்கு எப்படிப் போறதுன்னு வழி கேக்கத்தான்!"