உங்கள் பிரிண்டர் நிழலைத் தேடுகிறது

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே அம்மாவும் தங்கையும் நானும் நலம். அப்பா வழக்கம்போல வெளியூர் வேலையில் நலம். உங்கள் பிரிண்டர் நலமில்லை. உங்கள் நலத்தை விசாரிக்கத்தான் அம்மா தினமும் போன் போடுகிறார், நீங்கள் எடுப்பதில்லை. அதனால் இந்தக் காலத்தில் பேனாவைத் தேடி எடுத்துக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் அந்தக் குற்றமும் பிரிண்டருடையதே.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சித்தி தவறிப்போன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டீர்கள். போகிற வழியில் அந்தப் பிரிண்டரை எங்கள் வாசலில் இறக்கி, "அக்கா, உங்க ட்யூஷன் பிள்ளைங்களுக்கு உதவும்" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. தங்கை பிறந்தபோதுகூட அம்மா இத்தனை பேரிடம் சொல்லியிருக்க மாட்டார், அந்தத் தண்ணீர் விஷயத்தை அத்தனை பேரிடம் சொல்லிவிட்டார். மாடி அறையைத் துடைத்து, கட்டிலுக்கு விரிப்பு மாற்றி, நீங்கள் இங்கேயே வந்து இருக்க வேண்டும் என்று காத்திருக்கிறார். வருவீர்களா, மாட்டீர்களா? இது அம்மாவின் கேள்வி. என் கேள்விகள் பிரிண்டர் பற்றியவை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊரில் உள்ள அலுவலகங்களுக்கெல்லாம் வைஃபை போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவனை ஒரு பழைய பிரிண்டர் படுத்திய பாடு இருக்கிறதே, அதை வேலை செய்யும் இடத்தில் சொன்னால் மேலாளர் என்னை மின்விசிறி துடைக்க அனுப்பிவிடுவார். அதை எங்கள் வைஃபையில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சேர்க்க வேண்டுமென்றால் அதன் குட்டித் திரையில் புதிய பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். தட்டலாமென்றால் திரையின் வலது பக்கம் விரலுக்கு மசிவதில்லை, பாதி எழுத்துகள் அந்தப் பக்கம். சரி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமென்றால் 'சம்மதம்' என்ற பொத்தானும் அதே செத்த மூலையில். கேபிள் போட்டுப் பேசலாமென்று பின்பக்கம் திருப்பினால், எறும்பு போகக் கூடாதென்று சித்தி அந்தத் துளையை ஏதோ பசை போட்டு அடைத்திருக்கிறார். கல்லாகிக் கிடக்கிறது. ஸ்க்ரூடிரைவர்தான் வளைந்தது. எறும்பின் மேல் சித்திக்கு அப்படியென்ன கோபம் என்று தெரியவில்லை.

இதுவரை வெறும் எரிச்சல். இனி சொல்லப்போவதை அம்மாவின் மிகைப்படுத்தல் என்று நினைக்காதீர்கள், நானே பார்த்தது. மதியத்தில் வீடு அடங்கிக் கிடக்கும்போது அது தானாக விழித்துக்கொள்ளும். உள்ளே அந்த மைத்தலை இப்படியும் அப்படியும் நகரும், இருட்டு அறையில் யாரோ சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல. பிறகு தொண்டையைச் செருமுவது மாதிரி ஒரு சத்தம். திரையில் ஒரே வரி: 'நிழல்' தேடப்படுகிறது. கிடைக்கவில்லை. மீண்டும் தேடப்படுகிறது.

'நிழல்' உங்கள் வீட்டு வைஃபையின் பெயர். வெயிலில் வருகிறவருக்கு முதலில் கிடைக்க வேண்டியது அதுதான் என்று சித்தி வைத்த பெயர். எங்கள் போன்களை அவரே வாங்கி, பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுப்பார். அந்த ரூட்டர் இப்போது உங்கள் பூட்டிய வீட்டில் மின்சாரமில்லாமல் கிடக்கிறது. எங்கள் வைஃபை பக்கத்து அலமாரியிலேயே இருக்கிறது, அதை இந்தப் பிரிண்டர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் பிளக்கைப் பிடுங்கினேன். தலை நின்றது. திரையில் அந்த வரி மட்டும் போகாமல் நின்றது. "உள்ளே மிச்ச மின்சாரம் இருக்கும், அதான்" என்றேன் தங்கையிடம்.

"சரி. அப்ப நீ ஏண்டா கதவுகிட்ட போய் நிக்கறே?"

"வெளிச்சத்துக்கு."

"கையில தொடப்பம் எதுக்கு?"

அவளோடு பேசிப் பயனில்லை.

அதன்பின் எனக்கொரு யோசனை வந்தது. அது நம் வீட்டுக்கு வர மறுக்கிறதா, நம் வீட்டை அதன் வீடாக்கிவிடலாம். எங்கள் ரூட்டருக்கு அதே பழைய பெயர், அதே பழைய பாஸ்வேர்டு வைத்தால் பிரிண்டருக்கு வித்தியாசம் தெரியாது, தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். ரூட்டரின் பெயரை 'நிழல்' என்று மாற்றினேன். பழைய பிரிண்டருக்குக் காது கேட்கும் பழைய அலைவரிசையையும் தனியாகப் பிரித்து வைத்தேன். பாஸ்வேர்டு மட்டும் தெரியவில்லை, சித்தி தட்டிக் கொடுத்த போன்களையெல்லாம் நாங்கள் மாற்றிவிட்டோம்.

அம்மாதான் சொன்னார். "வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே உங்க சித்தி 'கிழவன் எங்கே'ன்னு கேட்டுக்கிட்டே வருவா. அதையே பாஸ்வேர்டா வச்சிருக்கேன்க்கான்னு சொல்லிச் சிரிப்பா."

முப்பது வயதில் தலை நரைத்த மனிதரைக் கல்யாணம் செய்துகொண்டால் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆட்சேபனை ழகரத்தின் மேல். இசட் ஹெச் போட்டாரா? எல் போட்டாரா? 'எங்கே'வுக்கு ஒரு ஈயா, இரண்டா, கடைசியில் ஒய்யா? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் வீட்டிலுள்ள எல்லாப் போனும் அறுந்துபோகும், தங்கை மாடியிலிருந்து என் பரம்பரையைத் திட்டுவாள், அது அவளுடைய பரம்பரையும்தான் என்பதை மறந்து. பிரிண்டர் மட்டும் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தது.

இன்று பிற்பகல், வானம் மூடியிருந்தது, கடைசி முறை என்று உட்கார்ந்தேன். 'கிழவன்' வரை தட்டியாயிற்று. மாடியிலிருந்து தங்கை கேட்டாள், "அவன் எங்கேம்மா?" அடுக்களையிலிருந்து அம்மா பதில் சொன்னார், "இங்கே." காதில் விழுந்ததை விரல் தட்டிவிட்டது. ஈ வர வேண்டிய இடத்தில் ஐ.

கிழவன் இங்கே.

பிரிண்டரின் தலை நடுவழியில் நின்றது. நீல விளக்கு சிமிட்டாமல் எரிந்தது. இணைந்துவிட்டது.

கேள்வியைத்தான் பாஸ்வேர்டாக வைத்ததாக அம்மா நினைத்திருந்தார். சித்தி வைத்தது பதிலை. உள்ளே எந்த அறையில் இருந்தாலும் நீங்கள் 'கிழவன் இங்கே' என்று குரல் கொடுப்பீர்களாமே, அதை.

சித்தப்பா, நான் இதோடு நிறுத்தியிருந்தால் இது நல்ல கடிதம். நாங்கள் யாரும் எதையும் அச்சுக்கு அனுப்பவில்லை. காகிதத்தை அது தானே உள்ளே இழுத்தது. இந்த மாதிரிப் பிரிண்டர் வைஃபை பெயரை மறக்காது, ஆனால் அச்சிட அனுப்பியதை நினைவில் வைக்காது, மின்சாரம் போனால் அதெல்லாம் போச்சு. அப்படியானால் யாரோ இப்போதுதான் அனுப்புகிறார்கள். ரூட்டரில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். அம்மா, தங்கை, நான், பிரிண்டர். அதற்குக் கீழே இன்னொன்று: 'கிழவி'. சித்தி தன் போனுக்கு வைத்த பெயர் அது என்று உங்களுக்கே தெரியும். அந்தப் போன் உங்களிடம் அல்லவா இருக்கிறது, இரவு முழுக்கப் பேருந்தில் வர வேண்டிய தூரத்தில்?

மூவரும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வரி வரியாக ஒரு படம் வந்தது. முதலில் ஒரு சுவர். பிறகு ஜன்னல், ஒரு கண்ணாடி உடைந்து அதற்குப் பதில் அட்டை ஒட்டியிருக்கிறது. பிறகு நாற்காலியின் முதுகு, அதன்மேல் சாய்ந்து தூங்கும் ஒரு தலை, பின்னாலிருந்து எடுத்தது. வெள்ளை முடி. அதில் உங்களுடைய அதே இரட்டைச் சுழி. அப்புறம் இடது தோள் தொடங்கியது. தோளின்மேல் ஏதோ ஒன்றின் விளிம்பு வந்தது, அங்கே மை தீர்ந்துபோனது. துண்டாக இருக்கலாம். நான் துண்டு என்றேன். தங்கை போய் அந்தத் தொடப்பத்தை எடுத்துவந்தாள்.

உங்கள் அறையை எங்களில் யாரும் பார்த்ததில்லை. அதனால் சுருக்கமாகக் கேட்கிறேன். உங்கள் ஜன்னலில் அட்டை ஒட்டியிருக்கிறதா? ஆம், இல்லை என்று எழுதினால் போதும். 'இல்லை' என்றால் நான் இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சாதித்துவிடுவேன். 'ஆம்' என்றால் தயவுசெய்து எழுத வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள். அந்த அறையில் இனி நீங்கள் தனியாக இருக்க வேண்டாம் என்று அம்மா சொல்கிறார். தனியாக இருக்கிறீர்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

அம்மாவின் அன்பும், தங்கையின் விசாரிப்பும். என் வணக்கத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். நாற்காலியில் தூங்காதீர்கள்.

இப்படிக்கு,
பிரிண்டரிடம் தோற்ற உங்கள் மகன்

பி.கு.: மேலே உள்ள எதற்கும் பதில் எழுத வேண்டாம். உறையில் உங்கள் விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது, வாசலில் நீங்கள் நின்றீர்கள். எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் மதியத்திலிருந்தே உட்கார்ந்திருந்தீர்களாம். மணியை அடிக்கக் கை வரவில்லையாம். சட்டைப்பையில் சித்தியின் போன், தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறீர்கள். அது திடீரென்று அதிர்ந்து, 'நிழல்' கிடைத்துவிட்டது என்று காட்டியதாம். அதனால்தான் எழுந்தீர்களாம், தெருவைக் கடந்து வருவதற்குள் நான் இந்தக் கடிதத்தையே எழுதி முடித்துவிட்டேன். ஆக 'கிழவி' எங்கிருந்து வந்தாள் என்ற மர்மம் தீர்ந்தது, கடிதத்தையும் கையிலேயே கொடுத்துவிடலாம். நீங்கள் தண்ணீர் குடித்தீர்கள். அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு படத்தைக் காட்டினேன். "ஜன்னல் போன வாரந்தான் உடைஞ்சுது. அட்டை நான் ஒட்டினது" என்றீர்கள்.

"படம் யாரு எடுத்தது, சித்தப்பா?"

"ரூம்ல நான் மட்டும்தானேப்பா."

சித்தியின் போனில் தேடினேன். அப்படியொரு படமே அதில் இல்லை. நீங்கள் தோளின்மேல் இருக்கும் அந்த விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மைக் கடை திறந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டீர்கள். கலர் மையே வாங்கச் சொல்கிறார் அம்மா. தங்கை கறுப்பு போதும் என்கிறாள். இதோ, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே திரும்பி, என்னையோ அம்மாவையோ பார்க்காமல், "இங்கதான் இருக்கேன், மை வாங்கிட்டு வந்துடறேன்" என்றீர்கள். மை இல்லாத பிரிண்டரின் சிவப்பு விளக்கு விடாமல் சிமிட்ட வேண்டும், கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நீங்கள் 'இங்கதான்' என்றதும் அது சிமிட்டுவதை நிறுத்தியது.